அழித்து எழுதும் தட்டு

சிடி விற்பனை சூடாக இருந்த காலத்தில் கடைகளில் இரண்டு வகைத் தட்டுகள் கிடைத்தன. ஒன்று சிடி-ஆர். ஒரு முறை எழுதினால் எழுதியதுதான். மற்றொன்று சிடி-ஆர்டபிள்யூ. அழித்து அழித்து எழுதலாம். 1997-ல் சந்தைக்கு வந்த இந்த இரண்டாவது வகையின் உறையில் ‘1000 முறை’ என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். கொம்தார் கடைகளில் அதன் விலையைக் கேட்டுவிட்டு சிடி-ஆரையே வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள்தான் அதிகம். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், “ஒரு தட்டு வாங்கினால் ஆயிரம் தட்டு வாங்கியதற்குச் சமம்” என்று சொல்லி வாங்கினார்கள். ஆசிரியர்கள் நிறைய வாங்கினார்கள்.

எப்படி அழிகிறது என்று யாரும் கேட்டதில்லை. உண்மையில் அங்கே அழிப்பது என்று தனியாக ஒரு வேலையே பெரும்பாலும் நடப்பதில்லை.

தட்டின் பிளாஸ்டிக்குக்குள் ஓர் உலோகக் கலவைப் பூச்சு இருக்கிறது. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் என்ற நான்கும் சேர்ந்தது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத மெல்லிய பூச்சு. இந்தக் கலவைக்கு இரண்டு நிலைகள் உண்டு. சீனிப்பாகை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நிதானமாக ஆறவிட்டால் கற்கண்டாக விளையும். சட்டென்று குளிரவிட்டால் கண்ணாடி மாதிரி மிட்டாய் ஆகிவிடும். பொருள் ஒன்றுதான், உள்ளே அணுக்கள் உட்கார்ந்திருக்கும் ஒழுங்கு வேறு. தட்டில் கற்கண்டு நிலையில் உள்ள இடம் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். மிட்டாய் நிலையில் உள்ள இடம் மங்கலாகத் தெரியும். மங்கல், பளிச், மங்கல், பளிச் என்று சுருள் பாதை நெடுகப் போவதுதான் நாம் எழுதி வைக்கும் பாட்டும் படமும்.

மங்கல் புள்ளி வைக்க வேண்டுமானால் லேசர் அந்த இடத்தை 500 முதல் 700 டிகிரி வரை சூடாக்கி உருக்க வேண்டும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். பளிச்சென்று ஆக்க வேண்டுமானால் உருகவிடக் கூடாது. 200 டிகிரியைத் தாண்டிய சூட்டில் சற்று நேரம் வைத்தால் அணுக்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றுவிடும். ஆக, எழுதும் சக்தி ஒன்று, அழிக்கும் சக்தி ஒன்று. முதல் தலைமுறைத் தட்டுகளில் எழுதுவதற்குச் சுமார் 8 முதல் 14 மில்லிவாட் வரை தேவைப்பட்டது, அழிப்பதற்கு அதில் ஏறக்குறையப் பாதி. படிப்பதற்கு ஒரு மில்லிவாட்கூட வேண்டாம். லேசர் இந்த இரண்டு சக்திகளுக்கு நடுவே மாறி மாறித் துடித்துக்கொண்டே போகும். புதியது பதியும்போதே பழையது போய்விடும். அழி ரப்பரும் பென்சிலும் ஒரே முனையில் இருப்பது போல.

இங்கேதான் சிக்கல். 8 என்றால் எட்டா, எட்டரையா, ஒன்பதா? தட்டுக்குத் தட்டு பூச்சு மாறும். டிரைவுக்கு டிரைவ் லேசர் மாறும். சூடு ஏற ஏற, அதே மின்னோட்டத்துக்கு லேசர் குறைவான ஒளிதான் கொடுக்கும். மதியம் இரண்டு மணிக்குக் காற்றாடி மட்டும் சுற்றும் அறையில் எழுதுவதும், இரவில் குளிர்சாதன அறையில் எழுதுவதும் ஒன்றல்ல. வேகத்தைக் கூட்டினால் சக்தியும் கூட வேண்டும். தொழிற்சாலையில் ஒரே எண்ணை நிர்ணயித்து அனுப்பிவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

ஆகவே டிரைவ் ஒவ்வொரு முறையும் எழுதத் தொடங்குவதற்கு முன் சோதனை போட்டுப் பார்க்கும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று நீர் தெளித்துப் பார்க்கிறோமே, அதே வேலைதான். தட்டின் உட்பக்கத்தில், நம் கோப்புகள் எதுவும் போகாத ஓர் ஓரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே 15 சிறு கட்டங்களில் 15 வெவ்வேறு சக்திகளில் எழுதி, உடனே திரும்பப் படித்துப் பார்த்து, எது சரி என்று முடிவு செய்யும். சிடி-ஆரில் இப்படி 100 சோதனைகளுக்குத்தான் இடம் உண்டு. ஆர்டபிள்யூவில் அந்த இடத்தையும் அழித்து எழுதிக்கொள்ளலாம். எழுதும் பட்டனை அழுத்திய பிறகு சில விநாடிகள் ஒன்றும் நடக்காதது போல் இருக்குமே, அந்த நேரத்தில் இதுவும் நடந்துகொண்டிருந்தது. சோதனை தோற்றால் ‘பவர் கேலிப்ரேஷன் எரர்’ என்று ஒரு வரி திரையில் வந்து நிற்கும். அந்த வரியைப் பார்த்து எரிச்சலடையாத சிடி தலைமுறை ஆளே கிடையாது.

சரி, 15 கட்டங்களில் எது சரியானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல பளிச்சும் நல்ல மங்கலும் எங்கே கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். அது நடக்காது. சக்தியைக் கூட்டக் கூட்ட வித்தியாசம் முதலில் கிடுகிடுவென்று ஏறும். பிறகு சமதரைக்கு வந்துவிடும். அந்தச் சமதரையில் 11-உம் 12-உம் 13-உம் ஒன்று போலவே தெரியும். எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூடுதல் சூட்டில் எழுதினால் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், பக்கத்துத் தடத்தில் இருக்கும் புள்ளிகளும் சூடுபட்டு நைந்துபோகும். அது இன்று தெரியாது. ஐம்பதாவது தடவையிலோ நூறாவது தடவையிலோ தெரியும்.

பிலிப்ஸும் சோனியும் வெளியிட்ட ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்ற தர விதிகளின் மூன்றாம் பாகத்தில் இதற்கு ஒரு வழி எழுதியிருக்கிறார்கள். சமதரையில் தேடாதே, ஏற்றத்தில் தேடு. ஏற்றத்தின் செங்குத்து எந்த இடத்தில் இன்ன அளவாக இருக்கிறது என்று பார். அந்த இடத்தின் சக்தியை எடுத்து இன்ன எண்ணால் பெருக்கு. அதுதான் உன் சக்தி. அந்த இரண்டு எண்களையும் தட்டைச் செய்தவர் தட்டின் பள்ளத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத நெளிவாக முன்கூட்டியே பதித்து வைத்திருப்பார். எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே அளந்துகொண்டு, வேலை செய்ய வேண்டிய இடத்துக்குக் கணக்கு மூலமாகப் போவது. இருபது வருடம் மின்னியல் தொழிற்சாலையில் இருந்திருக்கிறேன். இவ்வளவு எளிமையாக, இவ்வளவு புத்திசாலித்தனமாக வேறொன்றைப் பார்த்த நினைவில்லை.

என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அவரிடம் இதை ஒரு நாள் விளக்கிப் பார்த்தேன். லேசர், டிகிரி எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. “கத்தி ஆழம்தானே?” என்றார். கத்தி ஆழமாகப் போகாவிட்டால் பால் வராது, மங்கு காலியாக இருக்கும், மண்டோர் ஏசுவார். கொஞ்சம் அதிகமாகப் போனால் அன்றைக்குப் பால் நன்றாகவே ஊற்றும். ஆனால் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்த்தோலில் காயம் பட்டுவிடும். வெட்டிய இடத்தில் புதுப் பட்டை வளர்ந்து சில வருடம் கழித்து அதே பக்கம் மறுபடி வெட்ட வரும்போது, அங்கே முண்டும் முடிச்சுமாக இருக்கும். கத்தி ஓடாது. “முன்னாடி வெட்டுனவ யாருன்னு மரம் சொல்லிரும்” என்றார் அம்மா. எங்கள் தொழிற்சாலைக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் மூன்று நாள் படம் போட்டு விளக்கியதை அவர் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

தொழிற்சாலை என்றேன். பினாங்கில், சிடி எழுதும் டிரைவ்களைப் பொருத்திச் சோதித்து அனுப்பும் ஓர் இடம். பெயர் வேண்டாம், இப்போது அங்கே வேறு ஏதோ செய்கிறார்கள். நான் இருந்தது லேசர் சக்தியைச் சரிசெய்யும் பிரிவில். ஒவ்வொரு டிரைவின் லேசரையும் ஒளிமானியின் முன் நிறுத்தி, மானி காட்டும் எண்ணும் டிரைவ் நினைத்துக்கொண்டிருக்கும் எண்ணும் ஒன்றாகும்படி செய்து, அந்தத் திருத்தத்தை டிரைவின் நினைவகத்தில் எழுதிவிடுவோம். அதாவது டிரைவ் “10” என்று சொன்னால் உண்மையாகவே 10 மில்லிவாட் வர வேண்டும். ஒரு பெண் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில் இப்படிச் செய்வாள்.

ஒரு முறை ஒரு மேசையின் ஒளிமானி தடம் மாறிவிட்டது. உண்மையைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரே டிரைவை இரண்டு மேசைகளில் வைத்துப் பார்த்தபோது இரண்டு எண்கள் வந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த மேசையிலிருந்து போன டிரைவ்கள் எல்லாம் 10 என்று நினைத்து 9 கொடுக்கும் டிரைவ்கள்.

விசித்திரம் என்னவென்றால், அவை அத்தனையும் கடைசிச் சோதனையில் தேறின. தட்டில் எழுதின, படித்தன, ஒரு பிழையும் இல்லை. காரணம், மேலே சொன்ன அதே நீர் தெளிக்கும் சோதனைதான். டிரைவுக்கு எண் முக்கியமில்லை. ஏற்றத்தைத் தேடி ஏறும். 10-ல் கிடைக்க வேண்டியது 11-ல் கிடைத்தால் 11-ஐ எடுத்துக்கொள்ளும். எங்கள் மேசையின் தவற்றை டிரைவே மூடி மறைத்துவிட்டது.

லைன் லீடரிடம் சொன்னேன். “எழுதுது, படிக்குது. அப்புறம் என்னக்கா?” என்றார். நம் பிள்ளைதான், கெட்டவர் இல்லை. மாத இலக்கு அவர் தலையில் இருந்தது. நான் சொன்னது இதுதான். ஏணிக்கு உச்சி ஒன்று உண்டு. இந்த டிரைவ்கள் கடையை விட்டுப் போகும்போதே ஒரு படி மேலே நிற்கின்றன. லேசர் வயதாகும்போது, வெயில் நாளில், கொஞ்சம் கடினமான தட்டைப் போட்டால், இன்னும் ஏற வேண்டியிருக்கும். அப்போது ஏறுவதற்குப் படி இருக்காது. சில டிரைவ்கள் ‘எரர்’ என்று நின்றுவிடும். நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல், இருக்கிற சக்தியில் எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்வதுதான் மோசம்.

“அது ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற புகாரு. வாரண்டி ஒரு வருஷம்தான்” என்றார். ஒளிமானியை மறு வாரம் சரிபார்க்க அனுப்பினார்கள். பெட்டியில் போனவை போனவைதான். ஷிஃப்ட் புத்தகத்தில் தேதியும் மேசை எண்ணும் போட்டு எழுதி வைத்தேன். அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை.

இதெல்லாம் பழங்கதை. சிடி-யே பழங்கதை. ஆனாலும் மாதத்துக்கு ஒருவராவது வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். தொழிற்சாலை மூடும்போது ஏலத்தில் எடுத்த அலைகாட்டி ஒன்றும், பழைய டிரைவ்கள் ஐந்தாறும் என்னிடம் இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. பெரும்பாலும் கல்யாணப் படங்கள். இந்த வருடத் தொடக்கத்தில் வந்த நான்கு தட்டுகள் மட்டும் வேறு.

கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். அவருடைய மாமா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. 2001 முதல் இரண்டு மூன்று வருடம், சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பியவர்களைத் தேடித் தேடிப் பேச வைத்துப் பதிந்திருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில், 1942-43-ல், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட இங்கிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனதும், அதில் பெருந்தொகையினர் திரும்பாததும் வாசகர்களுக்குத் தெரியும். திரும்பியவர்களுக்கே 2001-ல் எழுபது எண்பது வயது. இன்று கேட்க ஆள் இல்லை. அவர் கேசட்டில் பதிந்து, கணினிக்கு மாற்றி, பாட்டு சிடி போல எழுதியிருக்கிறார். கேசட்டுகளின் மேல் வேறு பதிந்துவிட்டார். நான்குமே ஆர்டபிள்யூ தட்டுகள்.

மூன்று தட்டுகள் எளிதாகப் படித்தன. நான்காவது அசையவில்லை. அதன் காகித உறையில் ஒரு பாட்டியின் பெயரும், பக்கத்தில் ‘38 நி.’ என்றும் எழுதியிருந்தது. அதற்கு மேலே முன்பு எழுதியிருந்த வேறொரு பெயரை ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அடித்த பெயருக்குப் பக்கத்தில் ‘26 நி.’.

தட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. கீறல் விழுந்தால் தடத்தோடு சேர்ந்து போய்விடும். ஆர்டபிள்யூ தட்டு திருப்பித் தரும் ஒளியே சாதாரண சிடி-யில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால்தான் பழைய பிளேயர்கள் அதைத் தொடக்கூட மறுத்தன. டிரைவ்களை ஒவ்வொன்றாக மாற்றி, வேகத்தை ஆகக் குறைத்து முயன்றேன். நான்காவது டிரைவ், ஆறாவது முறை, உள்ளே இருக்கும் அட்டவணையைப் படித்தது. பிறகு வந்தது பேச்சல்ல. டப் டப் என்ற சத்தமும், நடுநடுவே அறுந்த சொற்களும்.

டிரைவைத் திறந்து அலைகாட்டியை மாட்டினேன். நன்றாக எழுதிய தட்டில் அலைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, நடுவில் வரிசையாகச் சாய்சதுர இடைவெளிகள் தெளிவாகத் தெரியும். எங்கள் தொழிலில் அதைக் கண் என்போம். இந்தத் தட்டில் கண் மூடியிருந்தது. கீறலோ பூஞ்சையோ என்றால் அங்கங்கே கெடும். இது ஒரே சீராக, தொடக்கத்திலிருந்தே மங்கியிருந்தது. அப்படியே ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 26-ஆவது நிமிடம் தாண்டிச் சில விநாடிகளில் கண் பளிச்சென்று திறந்தது. டப் டப் நின்றது. பாட்டியின் குரல் வந்தது.

உறையில் அடித்திருந்த எண்ணைப் பார்த்தேன். 26.

முன்பு பதிந்தவரின் பேச்சு 26 நிமிடம். அதைத் துரித முறையில் அழித்திருக்கிறார். முழுதாக அழிக்க அந்தக் காலத்து டிரைவில் இருபது நிமிடம் பிடிக்கும். துரித முறையில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அட்டவணை மட்டும்தான் போகும். பேச்சு அப்படியே கிடக்கும், அதன் மேல் புதியது பதியும். அதில் தவறே இல்லை. சக்தி சரியாக இருந்தால் பழையது தானாகப் போய்விடும், அதற்காகத்தானே இந்தத் தட்டையே கண்டுபிடித்தார்கள். ஆனால் அவருடைய டிரைவின் லேசருக்குச் சக்தி போதவில்லை. உச்சிப்படியில் நின்றுகொண்டு, இருந்ததைக் கொண்டு எழுதிவிட்டு, ‘முடிந்தது’ என்று சொல்லியிருக்கிறது. பாதி அழிந்த பழைய புள்ளிகளின் மேல் பாதி உருகிய புதிய புள்ளிகள். பழையது எதுவும் இல்லாத கடைசி 12 நிமிடத்தில் மட்டும், குறைந்த சக்தியிலும், படிக்கும்படி பதிந்திருக்கிறது. எழுதியவுடன் அவர் போட்டுக் கேட்டிருப்பார். அப்போது கொஞ்சம் கொரகொரப்போடு ஓடியிருக்கலாம். இருபது வருடத்தில் அதுவும் போய்விட்டது.

எந்தத் தொழிற்சாலையில் செய்த டிரைவ் என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். கணினியோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் எப்போதோ போட்டாகிவிட்டது என்றார்.

மூன்று வாரம் எடுத்தது. ஐந்து டிரைவ்களிலும் மாற்றி மாற்றிப் பல முறை படித்து, ஒன்றில் கிடைத்த விநாடியை இன்னொன்றில் கிடைத்ததோடு ஒட்டி, முதல் 26 நிமிடத்திலிருந்து நாலேகால் நிமிடம் புரியும்படி தேறியது. கடைசி 12 நிமிடம் முழுதாக இருக்கிறது. அந்தப் பாட்டி சயாமுக்குப் போனவர் இல்லை. போனவரின் மனைவி. “மூணு மாசம்னுதான் சொன்னாங்க. மூணு மாசத்துக்கு மரவள்ளிக் கிழங்கு இருக்கு, சமாளிச்சுக்கிறேன்னு சொல்லி அனுப்புனேன்” என்கிறார். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் ஏதோ கேட்கிறார், பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பின்னால் ஒரு சேவல் கூவுகிறது. அந்த மௌனமும் ஒரு பிழையில்லாமல் பதிந்திருக்கிறது.

தம்பி கேட்டுவிட்டு வேறொன்று கேட்டார். “அக்கா, அடியில இருக்கிறதே அந்தப் பழைய ஆளோட குரலு, அதை எடுக்க முடியுமா?”

தட்டில் அது இருக்கத்தான் இருக்கிறது. இருப்பதால்தான் பாட்டியின் பேச்சு கெட்டது. ஆனால் அதைத் தனியே பிரித்துப் படிக்க என்னிடம் இருக்கும் எந்த டிரைவாலும் முடியாது, அவை மேலே இருப்பதைப் படிக்கச் செய்யப்பட்டவை. அப்படித்தான் சொன்னேன். “உங்கள் மாமா அழிக்கும் முன் வேறெங்காவது எழுதி வைத்திருப்பார். ஆர்டபிள்யூவை வேலைத் தட்டாக வைத்துக்கொண்டு, முடிந்ததை சிடி-ஆரில் போட்டு வைப்பதுதான் அப்போது பலரின் பழக்கம். வீட்டில் தேடிப் பாருங்கள்” என்றேன். இந்தத் தட்டை எறிய வேண்டாம், எந்தக் கணினியிலும் போட்டு ‘சரிசெய்’ என்பது போல் எதையும் அழுத்த வேண்டாம், வெயில் படாமல் நிற்க வைத்துப் பத்திரப்படுத்துங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மாமாவின் அலமாரிக்கு மேலே இருந்ததாம். உள்ளே பதினேழு தட்டுகள், எல்லாம் சிடி-ஆர். சிலவற்றின் விளிம்பில் பூச்சு உரிந்திருக்கிறது. அடித்த பெயர் எந்தத் தட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஐந்து தட்டுகளில் பெயரே இல்லை. இன்று இரவு அவற்றிலிருந்து தொடங்கப் போகிறேன்.